மலையில் சிசிடிவி: கேமரா வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கோ காட்டேஜுக்கோ சிசிடிவி போடலாம் என்று பேச்சு எழுந்தால், முதலில் வரும் கேள்வி "எத்தனை கேமரா போடலாம்?" அடுத்தது, "எத்தனை மெகாபிக்ஸல்?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் கொட்டேஷன் தயாராகிவிடும். எட்டு கேமரா, ஒரு ரெக்கார்டர், ஒரு ஹார்ட் டிஸ்க், கேபிள் இத்தனை மீட்டர், வேலைக்கூலி தனி.

பிறகு ஒரு நாள் குடோனில் மூட்டை குறைகிறது. ஃபுட்டேஜைப் போட்டுப் பார்க்கிறார்கள். யாரோ வந்திருக்கிறார், முகம் தெரியவில்லை. வண்டி நின்றிருக்கிறது, நம்பர் வெள்ளைப் பூச்சாக இருக்கிறது. அத்தனை கேமராவும் குறையில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. குறை திட்டத்தில் இருந்தது. எந்தக் கேமரா எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

சிசிடிவி திட்டமிடுதலில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடமும் முக்கால்வாசிப் பாடமும் இதுதான். கேள்வியை முதலில் எழுதுங்கள். லென்ஸ், கேபிள், ஹார்ட் டிஸ்க், பேட்டரி எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து சாதாரணக் கூட்டல் பெருக்கலில் வந்துவிடும்.

விளக்குவதற்கு ஒரு கற்பனை ஃபேக்டரியை வைத்துக்கொள்வோம். கோத்தகிரி சரிவில், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் சின்ன ஃபேக்டரி. மேலே ரோட்டை ஒட்டிக் கேட். உள்ளே வந்தால் இலை இறக்கும் ஷெட், எடை மேடை. அதைத் தாண்டி ஃபேக்டரி கட்டடம், தூள் குடோன், ஆபீஸ். சரிவில் 150 மீட்டர் கீழே ஒரு ஸ்டோர், அதற்குப் பக்கத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகள்.

ஐ.பி. கேமரா என்றால் என்ன

பழைய அனலாக் முறையில் கேமரா வெறும் கண். அது பிடித்த சிக்னல் கோஆக்ஸ் கேபிளில் வந்து சேரும், டி.வி.ஆர். பெட்டி அதை டிஜிட்டலாக்கிப் பதியும். ஐ.பி. கேமராவுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டரே இருக்கிறது. படத்தை அதுவே சுருக்கி, ஆபீஸ் கம்ப்யூட்டர் போலத் தனக்கென ஒரு ஐ.பி. முகவரியோடு நெட்வொர்க்கில் அனுப்புகிறது. அதை வாங்கிப் பதிவது என்.வி.ஆர். முதல் நெட்வொர்க் கேமராவை ஸ்வீடனின் ஆக்ஸிஸ் நிறுவனம் 1996-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு கம்பெனி கேமராவை இன்னொரு கம்பெனி ரெக்கார்டர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஆக்ஸிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-இல் ஆன்விஃப் என்ற பொது அமைப்பைத் தொடங்கின. வாங்கும் பெட்டியில் ஆன்விஃப் ஆதரவு இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான். நாளைக்கு ஒரு கேமரா பழுதானால் வேறு கம்பெனி கேமராவை அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

நெட்வொர்க்கில் ஓடுகிறது என்பதால் வசதிகள் கூடுகின்றன: ஒரே கேபிளில் கரண்டும் படமும், ஊரிலிருந்து பார்க்கும் வசதி, வேண்டும்போது கேமரா சேர்க்கும் வசதி. நெட்வொர்க்கின் தொல்லைகளும் கூடவே வருகின்றன. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

கேள்வியிலிருந்து லென்ஸுக்கு

நம் ஃபேக்டரியின் கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம். கேட்டில் நுழைந்தவர் யார்? எந்த நம்பர் வண்டி? எடை மேடையில் இந்த மூட்டைக்கு என்ன எடை காட்டியது? குடோன் கதவு எப்போது திறந்தது, எத்தனை மூட்டை வெளியே போனது? இரவில் ஸ்டோர் பக்கம் அசைந்தது மனிதரா, கரடியா, காட்டெருமையா? கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கோத்தகிரி, குன்னூர் வாசிகளுக்கு அது தினசரிக் கேள்வி.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு துல்லியம் வேண்டியதில்லை. ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பு இதை மீட்டருக்கு எத்தனை பிக்ஸல் (படப் புள்ளி) என்று பிரித்துச் சொன்னது. காட்சியில் குறுக்காக ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்ஸல் விழுந்தால் ஏதோ நடமாட்டம் இருக்கிறது என்பது தெரியும். 62 இருந்தால் என்ன செய்கிறார் என்பது தெரியும். 125 இருந்தால் தெரிந்த ஆளை இன்னார்தான் என்று சொல்லலாம். முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காட்ட 250 வேண்டும்.

இப்போது கேட்டுக்கு வருவோம். கேமராவை மாட்ட வசதியான சுவர் கேட்டிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். கடையில் சாதாரணமாகத் தருவது 2 மெகாபிக்ஸல், 2.8 மி.மீ. லென்ஸ் கேமரா. படத்தின் அகலம் 1920 பிக்ஸல். உள்ளே படத்தைப் பிடிக்கும் சில்லான சென்ஸாரின் அகலம் ஏறத்தாழ 5.6 மி.மீ. கேமரா எத்தனை மீட்டர் அகலத்தைப் பிடிக்கும் என்பதற்குக் கணக்கு எளிது: சென்ஸார் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, லென்ஸ் அளவால் வகுக்க வேண்டும். 5.6 பெருக்கல் 15 வகுத்தல் 2.8 என்றால் 30 மீட்டர். 1920 பிக்ஸலை 30 மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 64. ஆள் வந்தார், கேட்டைத் தள்ளினார் என்பது தெரியும்; யார் என்பது தெரியாது.

அதே கேமராவில் 12 மி.மீ. லென்ஸ் இருந்தால் 7 மீட்டர் அகலம் மட்டும் படத்தில் விழும். மீட்டருக்கு 274 பிக்ஸல். முகம் தெளிவு. கேட்டின் அகலம் 4 மீட்டர்தான் என்பதால் 7 மீட்டர் தாராளம். அதாவது, மெகாபிக்ஸலைக் கூட்டாமல் லென்ஸை மாற்றியதிலேயே வேலை முடிந்தது. இதற்குப் பதிலாக 2.8 லென்ஸோடு 8 மெகாபிக்ஸல் கேமரா வாங்கியிருந்தால்? அதே 30 மீட்டருக்கு 3840 பிக்ஸல், மீட்டருக்கு 128. பணம் கூடுதல், பதிவு இடம் கூடுதல், முகம் அப்போதும் பாதிதான். ஆகவே, யாராவது மெகாபிக்ஸலை மட்டும் சொல்லி விற்க வந்தால், "என்ன லென்ஸ், எத்தனை மீட்டர் தூரத்துக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.

உயரத்தையும் பார்க்க வேண்டும். யாருக்கும் எட்டாது என்று கேமராவை ஆறு மீட்டர் உயரத்தில் மாட்டுவது வழக்கம். இங்கே காலையிலும் இரவிலும் எல்லோர் தலையிலும் குல்லா, கழுத்தில் மஃப்ளர். உயரத்திலிருந்து பார்க்கும் கேமராவுக்குக் குல்லா மட்டுமே தெரியும். முகத்துக்கென்று வைக்கும் கேமரா இரண்டரை மீட்டருக்கு மேல் போகாமல், ஆள் நேராக எதிர்கொண்டு நடந்து வரும் திசையில் இருக்க வேண்டும். அதை யாராவது திருப்பிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. அதற்கு அந்தக் கேமராவையே பார்க்கும் இன்னொரு அகலக் கேமராவைத் தள்ளி வைப்பதுதான் வழி.

வண்டி நம்பர் தனிப் பாடம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஏறி வரும் ஜீப்கூட நொடிக்கு 2.8 மீட்டர் நகர்கிறது. இரவில் வெளிச்சம் போதாமல் கேமரா ஒளியை உள்ளே விடும் தன் ஷட்டரை நொடியில் 25-இல் ஒரு பங்கு திறந்து வைக்கும். அந்த நேரத்துக்குள் வண்டி 11 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. காரின் நம்பர் பிளேட்டில் எழுத்தின் உயரமே 6.5 செ.மீ., கோட்டின் தடிமன் 1 செ.மீ. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டுப் போவதில் ஆச்சரியமில்லை. ஷட்டரை 250-இல் ஒரு பங்காக்கினால் நகர்வு 1.1 செ.மீ. ஆகக் குறையும், 500-இல் ஒரு பங்கு இன்னும் நல்லது. ஆனால் படம் இருண்டுபோகும். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதால், கேமராவை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒளி தரும் இன்ஃப்ராரெட் விளக்கு இருந்தால் இருண்ட படத்திலும் பிளேட் மட்டும் பளிச்சென்று தெரியும். டிரைவர் முகம் தெரியாது. முகத்துக்கு ஒன்று, பிளேட்டுக்கு ஒன்று என இரண்டு கேமரா கேட்பது இன்ஸ்டாலரின் பேராசை அல்ல; ஒரே ஷட்டர் இரண்டு வேலைக்கும் ஒத்துவராது. மலை ரோட்டில் இன்னொன்றும் உண்டு. கீழிருந்து ஏறிவரும் வண்டியின் ஹெட்லைட் நேராக மேல்நோக்கிக் கேமரா கண்ணிலேயே அடிக்கும். பிளேட் கேமராவைச் சற்றுப் பக்கவாட்டில், ஏற்றம் முடிந்து வண்டி சமதளத்துக்கு வந்து நிற்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

எடை மேடையில் கேள்வி ஒன்றே ஒன்று: சிவப்பு எழுத்தில் காட்டும் எடை. பச்சைத் தேயிலை கொண்டுவரும் விவசாயிக்கும் ஃபேக்டரிக்கும் மழைக்காலத்தில் வரும் பேச்சுவார்த்தையில் பாதி, ஈர இலைக்கு எவ்வளவு கழிவு என்பதைச் சுற்றித்தான். மூட்டையும் எடைக் காட்டியும் ஒரே படத்தில் விழுந்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. ஆனால் எடைக் காட்டியின் எல்.இ.டி. எண்கள் நம் கண்ணுக்குத் தொடர்ந்து எரிவதுபோல் தெரிந்தாலும், உண்மையில் ஒவ்வொரு எண்ணாக மிக வேகமாக மாறி மாறி எரிகின்றன. ஷட்டர் வேகமாக இருந்தால் 48.6 என்பதில் நடு எண் காணாமல் போய்ப் பதிவாகும். இந்த ஒரு கேமராவுக்கு ஷட்டரை 25-இல் அல்லது 50-இல் ஒரு பங்காகக் கையால் நிறுத்தி வைக்க வேண்டும். எண்கள் கண்கூசிப் பரவாமல் இருக்க, வெளிச்ச அளவையும் குறைத்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாவிட்டால் அந்தக் கேமரா அங்கே இருந்தும் வீண்.

மூடுபனி

சமவெளியில் நன்றாக வேலை செய்த கேமரா ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தோற்றுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கேமராவோடு சேர்ந்தே வரும் இன்ஃப்ராரெட் விளக்குகள் லென்ஸைச் சுற்றியே இருக்கின்றன. மேகம் இறங்கி ஷெட்டுக்குள் புகும் இரவில், அந்த ஒளி முன்னால் மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்புகிறது. மூடுபனியில் ஹை பீம் போட்டால் ரோடு மறைந்து வெள்ளைச் சுவர் மட்டும் தெரிவதை இங்கே வண்டி ஓட்டும் எல்லோரும் அறிவார்கள். கேமராவுக்கும் நடப்பது அதேதான். ஐம்பது மீட்டர் வரை இரவில் தெரியும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது மேகம் இல்லாத இரவுக்கான கணக்கு.

தீர்வு விளக்கைக் கேமராவிடமிருந்து பிரிப்பதில் இருக்கிறது. கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, வேறு கோணத்தில் தனி விளக்கு வையுங்கள். திரும்பி வரும் ஒளி லென்ஸில் விழுவது வெகுவாகக் குறையும். சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கே போதும் என்றால் இன்னும் நல்லது. படம் வண்ணத்தில் வரும். அடுத்தது தூரம். லென்ஸுக்கும் ஆளுக்கும் இடையே எவ்வளவு காற்று இருக்கிறதோ அவ்வளவு மேகம் இருக்கிறது. மேலே கணக்குப் போட்ட கேட்டில் 15 மீட்டர் தள்ளி 12 மி.மீ. லென்ஸ் வைப்பதைவிட, கேட் பக்கத்திலேயே ஒரு கம்பம் நட்டு 5 மீட்டரில் 4 மி.மீ. லென்ஸ் வைத்தால், படத்தின் அகலம் அதே 7 மீட்டர், நடுவில் மேகம் மூன்றில் ஒரு பங்கு. கேபிள் செலவு கொஞ்சம் கூடும்; நான் எப்போதும் இதைத்தான் தேர்வு செய்யச் சொல்வேன்.

சூட்டைப் படமாக்கும் தெர்மல் கேமரா மூடுபனியை ஊடுருவும் என்று விற்கிறார்கள். லேசான பனிமூட்டத்தில் அது உண்மை. அடர்ந்த மேகத்தில் அதன் பார்வையும் சுருங்கும். தோட்டத்து எல்லையில் கரடியோ காட்டெருமையோ நிற்கிறதா என்று பார்க்க அது நல்ல கருவி. முகத்துக்கோ நம்பருக்கோ அது உதவாது.

டோம் கேமராவின் கண்ணாடிக் கிண்ணத்தில் விடியற்காலையில் பனிநீர் படிந்தால், உள்ளே இருக்கும் விளக்கு அந்த நீரிலேயே பட்டுச் சிதறும். வெளியில் மாட்ட, கிண்ணம் இல்லாத புல்லட் அல்லது கண்விழி வடிவக் கேமரா மேல். ஐ.பி.66, ஐ.பி.67 என்று போட்டிருந்தால் (இது நெட்வொர்க் ஐ.பி. அல்ல, நீரும் தூசும் புகாத தர எண்) மழைநீர் உள்ளே போகாது என்று பொருள். ஆனால் பகல் வெயிலில் சூடாகி, இரவில் உறைபனியில் குளிரும்போது உள்ளே ஏற்கனவே இருக்கும் ஈரம் கண்ணாடியில் வியர்க்கும். அதை எந்த எண்ணும் தடுக்காது. மழை நாளில் கேமராவின் மூடியைத் திறந்து வேலை செய்யாதீர்கள். சிலிகா ஜெல் பொட்டலத்தை மாற்றிவிட்டு மூடுங்கள். கேபிள் சேரும் இணைப்பை வெளியில் தொங்கவிடாமல் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். மலையில் கேமரா செத்துவிட்டது என்று கழற்றினால், பல நேரம் கேமரா நன்றாக இருக்கும். அந்த இணைப்பின் உலோகக் கால்கள் பச்சை பிடித்திருக்கும்.

அசைவு எச்சரிக்கை பற்றி ஒரு வார்த்தை. மேகம் நகர்வதும் சில்வர் ஓக் இலை ஆடுவதும் விளக்கின் சூட்டுக்கு வந்த சிலந்தி வலை பின்னுவதும் கேமராவுக்கு அசைவுதான். ஓர் இரவில் எச்சரிக்கை குவிந்தால் மறுநாள் போனில் அதை அணைத்துவிடுவார்கள். மனிதர், வண்டி என்று பிரித்தறியும் வசதி உள்ள கேமராவை வாங்கி, எச்சரிக்கை இரண்டே இடத்துக்கு மட்டும் வையுங்கள்: குடோன் கதவு, ஸ்டோர்.

கேபிளும் ஸ்விட்சும்

ஈதர்நெட் காப்பர் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். நம் ஸ்டோர் 150 மீட்டர் கீழே இருக்கிறது. ஆகவே அங்கே ஒளி வழியே தரவு அனுப்பும் ஃபைபர் கேபிள். தூரம் குறைவாக இருந்தாலும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகும்போது ஃபைபர் போடுவதே நல்லது. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இங்கே இடி இறங்கும். சரிவில் மேலே ஒரு எர்த், கீழே ஒரு எர்த் இருக்கும்போது மின்னல் அடித்தால் இரண்டுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, இரண்டையும் இணைக்கும் செம்புக் கம்பி வழியாகப் பாயும். கேமராக் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச், ரெக்கார்டர், அதில் தொங்கும் கேமராக்கள் எல்லாம் ஒரே இடியில் போகும். ஃபைபரில் மின்சாரம் பாயாது. ஆனால் கவனம்: வெளியில் போடும் சில ஃபைபர் கேபிள்களில் பலத்துக்காக இரும்புக் கம்பியோ இரும்பு உறையோ இருக்கும். உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரே கேபிளில் கேமராவுக்குக் கரண்டும் அனுப்புவதைப் பி.ஓ.இ. என்பார்கள். 2003-இல் வந்த தரம் ஸ்விட்சில் கேபிள் செருகும் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 2009-இல் வந்தது 30 வாட். போர்ட் கணக்கை மட்டும் பார்த்து ஸ்விட்ச் வாங்குவது வழக்கமான சறுக்கல். எட்டு போர்ட் ஸ்விட்ச் மொத்தமாக 65 வாட் தரும் என்று வையுங்கள். பகலில் கேமராவுக்கு 5 வாட், எட்டுக்கும் 40, சிக்கல் இல்லை. இருட்டியதும் விளக்குகள் எரியத் தொடங்கி ஒவ்வொன்றும் 9 வாட் இழுத்தால் 72. ஸ்விட்ச் ஏதோ ஒரு கேமராவைக் கைவிடும். அது அணைந்து மீண்டும் எரியும். தினமும் மாலை ஆறரைக்கு மேல் ஒரு கேமரா மட்டும் தடுமாறுகிறது என்றால் முதலில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளில் தூரம் கூடக் கூட மின்னழுத்தம் விழும். ஸ்டோருக்கு ஃபைபர் இழுக்க வழியே இல்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் இணைப்பு வைக்கலாம். மூடுபனி அந்த அலையை ஒன்றும் செய்யாது. நடுவில் வளர்ந்து நிற்கும் மரத்தின் ஈர இலைதான் அதற்கு எதிரி. இன்றைக்கு நேராகத் தெரியும் பாதை, மரம் வளர்ந்தபின்னும் தெரியுமா என்று பார்த்து இடம் பிடியுங்கள்.

எத்தனை நாள் வைத்திருப்பது

கேமரா அனுப்பும் தரவின் வேகத்தை நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று சொல்வார்கள். ஒரே ஒரு எண்ணை மனதில் வையுங்கள்: நொடிக்கு 1 மெகாபிட் என்பது ஒரு நாளைக்கு 10.8 ஜி.பி. 2 மெகாபிக்ஸல் கேமரா சராசரியாக 3 மெகாபிட் அனுப்பினால், 12 கேமராவுக்கு 36 மெகாபிட். நாளைக்கு ஏறத்தாழ 389 ஜி.பி.; 30 நாளைக்கு 11.7 டி.பி. நெட்வொர்க்குக்கு 36 மெகாபிட் ஒரு பொருட்டே அல்ல. ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் பாரம். 8 டி.பி. டிஸ்க் மூன்று போட்டு ரெய்டு-5 முறையில் ஒன்றாகச் சேர்த்தால் 16 டி.பி. இடம் கிடைக்கும், ஒரு டிஸ்க் போனாலும் பதிவு நிற்காது. சிசிடிவிக்கென்றே வரும் டிஸ்க்காக இருக்கட்டும். இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்க அவைதான் தாங்கும்.

ஹெச்.264 சுருக்கும் முறை 2003-இல் வந்தது. 2013-இல் வந்த ஹெச்.265 அதே தரத்துக்கு ஏறத்தாழப் பாதி இடம் எடுக்கும். ஆனால் படத்தில் அசைவும் புள்ளியிரைச்சலும் கூடினால் எந்த முறையிலும் அளவு ஏறும். மழைக் கோடுகள், ஓடும் மேகம், இருட்டில் வரும் புள்ளிகள் மூன்றும் சேர்ந்த ஓர் ஆடி மாத இரவில் உங்கள் 3 மெகாபிட் கணக்கு நிற்காது. உச்ச வரம்பு ஒன்று கட்டி வையுங்கள். அந்த வரம்பை வைத்தே டிஸ்க் கணக்குப் போடுங்கள்.

முப்பது நாள் என்பதைப் பலரும் யோசிக்காமல் எழுதுகிறார்கள். புகார் எப்போது வரும் என்று கேட்டுத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். குடோனில் மூட்டை குறைந்தது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். அந்தக் கேமராவுக்குப் பதினைந்து நாள் போதும். இலைப் பணமோ மாதக் கணக்கு. இந்த மாதம் முதல் வாரத்தில் போட்ட மூட்டையின் எடையைப் பற்றி, அடுத்த மாதம் பணம் கைக்கு வந்த பிறகுதான் விவசாயி கேட்பார். அப்போது முப்பது நாள் பதிவு அழிந்திருக்கும். எடை மேடைக் கேமராவுக்கு மட்டும் அறுபது நாள் வையுங்கள். அங்கே நொடிக்குப் பத்துப் படம் போதும் என்பதால் இடமும் அதிகம் கேட்காது. போலீஸ் ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் சொன்னது. காவலில் நடந்ததைப் பற்றிய புகார் அவ்வளவு தாமதமாகவும் வரலாம் என்பதை நினைத்தால், அந்த நீண்ட காலத்தின் நியாயம் புரியும்.

கரண்ட், நேரம், பூட்டு

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மரம் விழுந்து லைன் அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் அமைப்பு மொத்தம் 150 வாட் இழுக்கிறது என்றால், 12 வோல்ட் 150 ஏ.ஹெச். பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கிறது. அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பேட்டரியைக் கெடுக்காமல் எடுக்க முடியும். இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். கையில் நிற்பது ஐந்தரை, ஆறு மணி நேரம். ஊட்டி ஜனவரிக் குளிரில் அதுவும் குறையும். ஓர் இரவு முழுக்க வேண்டுமென்றால் இரண்டு பேட்டரி. ஜெனரேட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்; அதைப் போட ஆள் எழுந்து வரும் வரை கேமரா ஓட வேண்டும்.

ரெக்கார்டரின் கடிகாரம் மெல்ல மெல்லத் தப்பும். எல்லாக் கேமராவும் ரெக்கார்டரிடமிருந்தும், ரெக்கார்டர் இணையத்திலிருந்தும் நேரம் வாங்கும்படி அமையுங்கள். கேட் கேமராவுக்கும் குடோன் கேமராவுக்கும் நான்கு நிமிடம் வித்தியாசம் இருந்தால், ஒரே ஆள்தான் இரண்டிலும் என்று சாதிப்பது கடினம். ஃபுட்டேஜ் கோர்ட்டுக்குப் போனால் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்; அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) குறிக்க வேண்டும். டிவி திரையைப் போனில் படம்பிடித்து வைப்பதோடு நிற்காமல், ரெக்கார்டரிலிருந்து மூலக் கோப்பை எடுத்து வைக்க ஒருவருக்காவது பழக்கிவிடுங்கள்.

2016-இல் மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த ஏராளமான கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் பிடித்து, அவற்றையே படையாக்கி, அமெரிக்காவின் பெரிய இணையதளங்களை முடக்கியது. மாட்டிய அன்றே பாஸ்வேர்டை மாற்றுவது கட்டாயம். போனில் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுவது கேட்டைத் திறந்து வைப்பதற்குச் சமம், வி.பி.என். என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக வாருங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரும் கேமராவும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டாம். ஸ்விட்சில் வி-லேன் போட்டுப் பிரித்துவிடலாம். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் விற்கும் கேமராக்கள் மத்திய அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனைகளில் தேறியிருக்க வேண்டும். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தருகிறேன் என்றால் யோசித்து வாங்குங்கள்.

லைன் வீடுகளைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டோரைப் பார்க்கும் கேமராவின் ஓரத்தில் லைன் வீட்டு வாசலும் குளியலறைப் பக்கமும் விழும். ஒருவரின் அந்தரங்க உடற்பகுதியைச் சம்மதமின்றிப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது தகாது. கேமராவிலேயே அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது. மறைத்துவிட்டு, லைனில் இருக்கும் ஒரு அக்காவையாவது ஆபீசுக்குக் கூப்பிட்டுத் திரையில் காட்டிவிடுங்கள். நேரில் பார்த்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும். மைக்கையும் அணைத்து வையுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

கடைசித் தவணையை மேகம் இறங்கிய ஓர் இரவு வரை நிறுத்தி வைப்பது நல்லது. இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அந்த இரவில் ஒருவர் குல்லா, மஃப்ளரோடு கேட்டில் நடந்து வரட்டும். ஒரு ஜீப் ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஏறி வரட்டும். எடை மேடையில் ஒரு மூட்டையை வைத்து எடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரியில் எத்தனை நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். மறுநாள் காலையில் நேரலையைப் பார்க்காமல் பதிவைப் போட்டுப் பாருங்கள். முதலில் தாளில் எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாக அந்தப் பதிவிடம் கேளுங்கள். பதில் வராத கேமராவின் லென்ஸையோ விளக்கையோ இடத்தையோ இன்ஸ்டாலர் அன்றே மாற்றித் தரட்டும்.